லெவல் 4 கிடைக்கவில்லை: அப்பீலா, விஸ்க்கா, அடுத்த வருஷமா?

"அக்கா, மெயில் வந்துடுச்சு. இல்லைன்னு போட்டிருக்கான்."

ஏப்ரலில் ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு வந்த போன். கூப்பிட்டவள் சொந்தத் தங்கை இல்லை, ஆனால் அப்படித்தான் பழக்கம். அவர்கள் சாண்டிலியில், நாங்கள் ஹெர்ண்டனில்; இரண்டும் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், இருக்கும் ஊர்கள். அவள் பையன் இரண்டாம் வகுப்பு. திறமை கூடிய பிள்ளைகளுக்கான லெவல் 4 வகுப்புக்கு அவனை எடுக்கவில்லை என்று சொன்ன மெயில் அது. "இவர் விஸ்க்குங்கற ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்து அப்பீல் பண்ணிடலாங்கறார். ஆஷ்பர்ன்ல இருக்கற இவரோட ஃபிரெண்டு, அதெல்லாம் எதுக்கு, வாரத்துக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போற கிளாஸ்தானேங்கறார். எனக்கு ஒண்ணும் ஓடல."

ஆஷ்பர்ன்காரர் பேச்சை முதலில் தள்ளி வைக்கச் சொன்னேன். அவர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் இருப்பது பக்கத்து லவுடன் கவுண்டி. அங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை வழக்கமான வகுப்பிலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்கு வெளியே அழைத்துப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் முறை. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் லெவல் 4 என்பது மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை முழுநேரத் தனி வகுப்பு. பல பிள்ளைகள் அதற்காகப் பக்கத்துப் பள்ளியில் இருக்கும் சென்டருக்கு பஸ் ஏறிப் போகிறார்கள். எல்லைக்கோடு தாண்டினால் விதிகள் வேறு, கெடு வேறு, படிவம் வேறு. சனிக்கிழமை பார்ட்டியில் கிடைக்கிற ஆலோசனையில் பாதி வேறு கவுண்டியுடையது.

இங்கே உள்ள ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ.ஏ.பி. என்று எல்லோரும் சொல்லும் மேம்பட்ட கல்வித் திட்டத்தில் நான்கு படிகள். முதல் மூன்றையும் அந்தந்தப் பள்ளியே முடிவு செய்துகொள்ளும். நான்காவதை மட்டும் கவுண்டி அளவிலான குழு, ஒரு கோப்பை வைத்துப் பார்த்து முடிவு செய்கிறது. முதல் வகுப்பில் எழுதிய என்.என்.ஏ.டி., இரண்டாம் வகுப்பில் எழுதிய காகேட் என்ற இரண்டு திறன் தேர்வுகள், ஆசிரியர் நிரப்பும் ஹோப் என்ற மதிப்பீட்டுப் படிவம், பள்ளியில் செய்த வேலை மாதிரிகள், நாம் கொடுப்பவை, இவ்வளவுதான் அந்தக் கோப்பு. மூத்த பிள்ளை வைத்திருப்பவர்கள் ஜி.பி.ஆர்.எஸ். என்று ஏதோ சொல்வார்கள். அது ஹோப் வருவதற்கு முன்னால் இருந்த படிவம், அதைத் தேடி அலைய வேண்டாம். எந்த ஒரு மதிப்பெண்ணை மட்டும் வைத்தும் முடிவெடுக்கக் கூடாது என்பது வர்ஜீனியா மாநில விதி. "132 வந்தா கன்ஃபார்ம்", "விஸ்க் 130 தாண்டினா அப்பீல் பாஸ்" என்பதெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் மட்டுமே செல்லுபடியாகும்.

அதே மாநில விதி இன்னும் மூன்று விஷயங்களைச் சொல்கிறது. முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 10 பள்ளி நாட்களுக்குள் அப்பீல் போட வேண்டும். அதைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் முதல் குழுவில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். பொறுப்பு அதிகாரி ஒருவரை நேரில் பார்த்துப் பேசவும் பெற்றோருக்கு வாய்ப்புத் தர வேண்டும். பத்து என்பது பள்ளி நடக்கும் நாட்கள். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் கணக்கில் வராது. இருந்தாலும் குறைச்சல்தான். ஃபேர்ஃபாக்ஸில் அப்பீலுக்குப் புதுத் தகவல் ஏதாவது இணைக்க வேண்டும். "எங்கள் பிள்ளை தகுதியானவன், மறுபடி பாருங்கள்" என்று எழுதினால் அது அப்பீல் இல்லை, வெறும் மனு.

அதனால் அவளிடம் அன்று இரவே ஒரு வேலை சொன்னேன். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் ஏ.ஏ.ஆர்.டி. என்று மேம்பட்ட கல்விக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். அவருக்கு இரண்டு வரி மெயில்: குழு பார்த்த கோப்பின் நகல் வேண்டும், ஒரு பத்து நிமிடம் பேச வேண்டும். பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைப் பார்ப்பது ஃபெர்பா என்ற 1974 கூட்டாட்சிச் சட்டம் பெற்றோருக்குத் தந்திருக்கும் உரிமை. ஆனால் அந்தச் சட்டம் பள்ளிக்கு 45 நாள் வரை அவகாசம் தருகிறது, நமக்கு இருப்பதோ பத்து. உரிமை பேசாமல் தன்மையாகக் கேட்டால் சீக்கிரம் வரும்.

விஸ்க் எடுப்பதா, வேலை மாதிரி அனுப்புவதா, சும்மா இருப்பதா என்ற கேள்வியெல்லாம் அந்தக் கோப்பைப் பிரித்த பிறகு. நான் இதை முதல் தடவை தலைகீழாகச் செய்தேன். பணத்தைக் கட்டிவிட்டுத்தான் கோப்பைப் பார்த்தேன்.

என் பெரியவளுக்கு நடந்தது அது. லெவல் 4 இல்லை என்றதும் அடுத்த நாளே விஸ்க் எடுக்க நாள் குறித்தோம். விஸ்க் என்பது உளவியலாளர் ஒருவர் பிள்ளையை எதிரில் உட்காரவைத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் எடுக்கும் தனித்தேர்வு. உரிமம் பெற்ற தனியாரிடமும் எடுக்கலாம். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலும் எடுக்கிறார்கள். எங்கே எடுத்தாலும் பல நூறு டாலர். அவளுக்கு மொத்த மதிப்பெண் 121 வந்தது. உள்ளே பிரித்துப் பார்த்தால் புதுச் சிக்கல்களுக்குத் தர்க்கம் கண்டுபிடிக்கும் பகுதியில் 134, மொழிப் பகுதியில் 112, வேகப் பகுதியில் 98. வேகப் பகுதியில் ஒரு சோதனை, ஒவ்வோர் உருவத்துக்கும் உரிய குறியை இரண்டு நிமிடத்துக்குள் முடிந்த மட்டும் போட்டுக்கொண்டே போவது. இவள் ஒவ்வொரு குறியையும் கோலம் போடுகிற மாதிரி நிதானமாகப் போட்டிருக்கிறாள். தமிழ்ப் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்குகிறவள், வேறு எப்படிப் போடுவாள்?

கோப்பு வந்ததும்தான் உறைத்தது. காகேட் அறிக்கையில் எண்களுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் எழுத்தும் சேர்ந்த குறியீடு இருக்கும். அவளுடையது 8 பி, வி மைனஸ். 8 என்பது ஒன்பது படியில் எட்டாவது படி. ஏ என்றால் மொழி, எண், உருவம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். பி என்றால் ஒன்று மட்டும் ஏறியோ இறங்கியோ நிற்கிறது. சி என்றால் ஒன்று மேலே, ஒன்று கீழே. ஈ என்றால் வித்தியாசம் மிகப் பெரிது. வி மைனஸ் என்றால் இறங்கி நிற்பது மொழி. வீட்டில் தமிழ், நான்கு வயது வரை பாட்டியோடு தமிழ், அதற்குப் பிறகு ஆங்கிலம். இரண்டாம் வகுப்புக் காகேட்டில் பிள்ளை வாசிக்க வேண்டியதில்லை, படங்கள்தான். ஆனால் மொழிப் பகுதியில் ஒரு பிரிவுக்கு ஆசிரியர் ஆங்கிலத்தில் கேள்வியைச் சொல்வார், கேட்டுப் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கேதான் அவள் சறுக்கியிருக்கிறாள். விஸ்க்கின் மொழிப் பகுதியோ இன்னும் நேரடி: சொல்லுக்குப் பொருள் சொல், இரண்டு சொற்களுக்கு என்ன ஒற்றுமை சொல், எல்லாம் ஆங்கிலத்தில், வாயால். ஒரே பள்ளத்தில் இரண்டு தடவை விழ, இரண்டாவது தடவைக்குக் காசும் கொடுத்தோம்.

விஸ்க்கில் ஜி.ஏ.ஐ. என்று இன்னொரு கூட்டு எண் உண்டு. நினைவையும் வேகத்தையும் விட்டுவிட்டு மற்றதைக் கூட்டுவது. அதில் 126. அதைத் தூக்கிப் பிடித்துக் கடிதம் எழுதினேன். கிடைக்கவில்லை. இப்போது நினைத்தால் குழுவின் மேல் வருத்தமில்லை. கோப்பு முன்பு சொன்னதையே நான் இன்னொரு தாளில் அழகாக அச்சடித்துக் கொடுத்திருந்தேன்.

ஆகவே விஸ்க் யாருக்குப் பொருந்தும் என்றால், பள்ளித் தேர்வு எண்ணுக்கும் வகுப்பில் தெரியும் பிள்ளைக்கும் பொருத்தமே இல்லை, அதற்குக் காரணமும் தெரியும் என்ற நிலையில். தேர்வன்று காய்ச்சல். கூட்டத்தில் உட்கார்ந்தால் கவனம் ஓடிவிடும் பிள்ளை. ஒரு பக்கத்தைத் திருப்பாமல் விட்டுவிட்ட பிள்ளை. தனியாக ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்டால் இவர்களுடைய உண்மையான மட்டம் வெளிவரும். காகேட்டில் மூன்றும் ஒரே மட்டமாக 118, 119 என்று வந்து, ஆசிரியரும் நடுத்தரமாகவே போட்டிருந்தால், விஸ்க்கும் அந்த ஊரைச் சுற்றியே வருவதற்கு வாய்ப்பு அதிகம். எந்தத் தேர்வு எண்ணும் புள்ளி இல்லை, ஒரு வட்டாரம்: 121 என்று அச்சடித்திருந்தால் உண்மை 115க்கும் 126க்கும் நடுவில் எங்கோ. சராசரி 100, நூற்றுக்கு 98 பேரைத் தாண்டும் இடம் 130. ஒன்று ஆறுதல்: வெளியில் எடுத்த அறிக்கை உங்கள் கைக்குத்தான் வரும், இணைப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். இன்னொன்று எச்சரிக்கை: ஒரு தடவை எடுத்துவிட்டால் உடனே மறுபடி எடுக்க முடியாது. பழகிய தேர்வில் எண் தானாக ஏறும் என்பதால் ஒரு வருஷமாவது இடைவெளி விடச் சொல்வார்கள். அவசரத்துக்கு அதைச் செலவழித்துவிட்டால், உண்மையில் தேவைப்படும்போது கையில் இருக்காது.

காசு உள்ளவருக்கு ஒரு வாய்ப்பு அதிகம் என்பதும் இதில் உறுத்தத்தான் செய்கிறது. எடுத்தவள் என்ற முறையில் அதைச் சொல்கிறேன்.

அடுத்தது, விஸ்க் இல்லாமல் வேலை மாதிரிகளும் ஒரு கடிதமும் மட்டும் வைத்து அப்பீல். செலவு கிடையாது. நம் வீடுகளில் இதைத்தான் மிக மோசமாகச் செய்கிறோம்.

சாண்டிலிக்காரி எடுத்து வைத்திருந்தவற்றை வீடியோ காலில் காட்டினாள். அபாகஸ் மூன்றாம் நிலைச் சான்றிதழ். கணக்கு டியூஷன் தாள்கள், நூற்றுக்கு நூறு, நட்சத்திர ஸ்டிக்கரோடு. சூரியக் குடும்பம் பற்றிய அட்டை. அதில் எழுத்தெல்லாம் அவள் கணவரின் கையெழுத்து என்பது எனக்கே தெரிந்தது. "இதெல்லாம் அவன் நல்லா பயிற்சி எடுத்திருக்கான்னு காட்டுது. யோசிச்சிருக்கான்னு காட்டற மாதிரி ஏதாவது இருக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "தமிழ்ப் பள்ளி நோட்டுல ஏதோ கிறுக்கி வெச்சிருக்கான், அதெல்லாம் எடுபடுமா" என்றாள்.

கிறுக்கல் என்று அவள் சொன்னது இது. உயிர்மெய் அட்டவணையைப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பையன் க வரிசையும் ங வரிசையும் எழுதிவிட்டு நிறுத்திவிட்டான். மிச்சத்துக்கு வெறும் கட்டம் போட்டு, மேலே 12, பக்கவாட்டில் 18. கீழே ஆங்கிலத்தில், எழுத்துப் பிழையோடு: முப்பது தெரிந்தால் போதும், 216ஐ நானே செய்துகொள்வேன், எதற்கு எல்லாவற்றையும் எழுதுவது. ஓரத்தில் 12, 18, 216 மூன்றையும் கூட்டி 246 என்று போட்டு, தமிழ் டீச்சர் 247 என்றாரே என்று ஒரு கேள்விக்குறி. அதற்குப் பிறகு வேறு பேனாவில், கட்டத்துக்கு வெளியே ஃ வரைந்து, இதற்கு மட்டும் ஏன் வரிசை இல்லை என்று ஒரு கேள்வி.

ஏழரை வயசுப் பிள்ளை எழுத்து அட்டவணையைப் பெருக்கல் அட்டவணையாகப் பார்த்திருக்கிறான்; கணக்கு ஒன்றில் உதைத்தபோது விடாமல் தேடி, உதைக்கிற அந்த ஒன்றைப் பிடித்துவிட்டான். வீட்டுப்பாடத்தை முடிக்கவில்லை என்று அவனுக்குத் திட்டு விழுந்ததாம்.

இதுதான் புதுத் தகவல். பள்ளிக் கோப்பில் இது இருந்திருக்க வழியே இல்லை. ஆனால் அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பினால் குழுவுக்கு விளங்காது. மேலே மூன்று வரி ஆங்கிலத்தில் வேண்டும்: தமிழில் 12 உயிர், 18 மெய், இரண்டும் சேர்ந்து 216, பார்த்து எழுதுவதுதான் கொடுத்த வேலை, இது யாரும் சொல்லாமல் அவனே செய்தது, உதவி இல்லை. பிழையைத் திருத்தாதே, புதுத் தாளில் எழுதவைக்காதே என்று இரண்டு தடவை சொன்னேன். திருத்தினால் அம்மாவின் வேலை ஆகிவிடும்.

கடிதத்திலும் நாம் இரண்டு ஓரங்களில் ஒன்றில் போய் நிற்கிறோம். ஒன்று, பிள்ளையைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று வளர்ந்த கூச்சம். நல்ல பையன், சொன்னால் கேட்பான் என்று எழுதி முடித்துவிடுவது. இல்லையென்றால் அப்பாக்கள் உட்கார்ந்து, வேலைக்கு ரெஸ்யூமே எழுதுகிற மாதிரி புள்ளிப் புள்ளியாகச் சாதனைப் பட்டியல். இரண்டுமே வேண்டாம். ஒரு சாயங்காலம் நடந்தது, அவன் கேட்டது, அதற்குப் பிறகு அவனாகச் செய்தது, போதும். ஆசிரியர் சரியாகக் கவனிக்கவில்லை என்ற ஒரு வாக்கியம்கூட இருக்கக் கூடாது. உண்மையாகவே இருந்தாலும் அது பிள்ளையைப் பற்றிய தகவல் இல்லை.

ஹோப் படிவத்தில் ஆசிரியர் குறைத்துப் போட்டிருந்தால் அங்கேதான் கோப்பின் ஓட்டை. தமிழ்ப் பிள்ளைகள் பலர் வகுப்பில் கை தூக்குவதில்லை, டீச்சர் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நாமே சொல்லி அனுப்புகிறோம். அந்த ஓட்டையை விஸ்க் எண் அடைக்காது. பிள்ளை கேள்வி கேட்கிற இடம் ஏதாவது இருக்கும். அங்கிருந்து வரும் மாதிரிதான் அடைக்கும்.

மூன்றாவது வழி இந்த வருஷம் விட்டுவிட்டு அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிப்பது. ஒரு தடவை இல்லை என்றால் முடிந்தது என்று கணக்கில்லை. அடுத்தடுத்த வகுப்புகளிலும் பெற்றோர் பரிந்துரை செய்யலாம், குளிர்கால விடுமுறைக்கு முன்பே படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். அப்பீல் போட்டுத் தோற்றவர்களுக்கும் இந்த வழி உண்டு. பெரியவள் அப்படித்தான் நான்காம் வகுப்பில் உள்ளே போனாள். விஸ்க் தாளை இரண்டாவது தடவை நான் வைக்கவே இல்லை. மூன்றாம் வகுப்பில் ஆங்கில வாசிப்பு திடீரென்று பிடித்துக்கொண்டது, ஏ.ஏ.ஆர்.டி. நடத்தும் லெவல் 3 பகுதிநேர வகுப்பில் அவளை ஒரு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர் கிடைத்தார். மொழிதான் காரணம் என்று கோப்பு காட்டுகிற பிள்ளைக்கு எந்த அப்பீலையும்விடக் காலம் நன்றாக வேலை செய்யும் என்பது என் எண்ணம். பத்து நாளில் ஆங்கிலம் வளராது, பத்து மாதத்தில் வளரும்.

இதற்கும் விலை உண்டு. மூன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் ஒரு வருஷம் பழகியிருப்பார்கள், நம் பிள்ளை புதுசாகப் போய் நிற்கும். பெரியவள் முதல் மாதம் மதியச் சாப்பாட்டு மேஜையில் யாரோடு உட்கார்வது என்று தெரியாமல் வந்து அழுதாள். கணக்கில் ஒரு யூனிட் விட்டிருந்தாள், அது இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. மேஜைக்குத்தான் நாளானது.

நடுவில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். உங்கள் சொந்தப் பள்ளியிலேயே லெவல் 4 வகுப்பு நடந்தால், இடமிருக்கும்போது தலைமையாசிரியரே சில பிள்ளைகளை அதில் சேர்த்துக்கொள்வதுண்டு. பிரின்சிபல் பிளேஸ்மென்ட் என்பார்கள். பாடம் அதே பாடம். ஆனால் தகுதிச் சீட்டு கிடைத்ததாக ஆகாது. அடுத்த வருஷம் நிச்சயமில்லை, சென்டருக்குக் கையோடு எடுத்துப் போக முடியாது. பஸ் ஏறி வேறு பள்ளிக்குப் போக விரும்பாத வீட்டுக்கு, என் கணக்கில், அப்பீலைவிட இதுவே மேல்.

தனியார் பள்ளி, வீடு மாற்றுவது என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பு முடிவு ஒன்றுக்காக வீட்டை விற்பது பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சும்மா இருந்துவிடுவது? சாண்டிலிக்காரியின் கணவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவருடைய பயம் டி.ஜே. நம் ஆட்கள் பலருக்கு மூன்றாம் வகுப்பு லெவல் 4 என்பது தாமஸ் ஜெஃபர்சன் என்ற, போட்டியிட்டுச் சேரும் அறிவியல் உயர்நிலைப் பள்ளிக்கு முதல் படிக்கட்டு. அது தவறினால் எல்லாம் தவறியது. அந்தக் கணக்கு பழசு. டி.ஜே. நுழைவுத் தேர்வு 2020 கடைசியில் எடுக்கப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத அளவுக்கு இடம் ஒதுக்கும் முறை வந்தது. அதை எதிர்த்துப் போன வழக்கை 2024 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. கேட்பது மதிப்பெண் சராசரி 3.5, எட்டாம் வகுப்புக்குள் அல்ஜீப்ரா 1, கட்டுரைகள். லெவல் 4 சீட்டை யாரும் கேட்பதில்லை. நடுநிலைப் பள்ளியில் ஹானர்ஸ் என்ற கூடுதல் சவாலுள்ள வகுப்புகளை விரும்புகிற எவரும் எடுக்கலாம். எட்டு வயசில் பதினான்கு வயசுக்குப் பயப்படுவதை விட்டுவிட்டு, வருகிற வருஷம் எந்த வகுப்பறையில் எந்த ஆசிரியரிடம் உட்காரப்போகிறான் என்று மட்டும் பாருங்கள் என்றேன். பள்ளியில் லெவல் 3 உயிரோடு நடக்கிறதா, மேம்பட்ட கணக்கு வகுப்பு லெவல் 4 இல்லாத பிள்ளைக்கும் உண்டா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் சும்மா இருப்பது தோல்வி கிடையாது. பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்று சலித்துக்கொண்டு வந்தால், அப்போது அப்பீலுக்கு ஓர் அர்த்தம் உண்டு.

அவர்கள் கோப்பு நான்காவது நாள் வந்தது. காகேட் 8 ஏ, மூன்றும் ஒரே மட்டம், வகுப்பில் நன்றாகச் செய்கிறான். பள்ளி வைத்த மாதிரிகள் மூன்றும் நிரப்பச் சொன்ன தாளை நிரப்பியவை. ஹோப் படிவத்தில் கேள்வி கேட்பது, புதுசாக யோசிப்பது சம்பந்தப்பட்ட இடங்களில் இறக்கம். காய்ச்சல் இல்லை, விட்டுப்போன பக்கம் இல்லை. விஸ்க்குக்கு அங்கே வேலையில்லை என்று நான் சொல்ல, அவர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லையாம். பிறகு அவரே உட்கார்ந்து அந்த எழுத்துக் கட்டத்துக்கு மூன்று வரி விளக்கம் எழுதினார். சூரியக் குடும்பத்தை எடுத்துவிட்டார்கள். அபாகஸ் சான்றிதழை வைத்தே தீருவேன் என்றார், வைக்கட்டும் என்று விட்டோம்.

எட்டாவது பள்ளி நாளில் அப்பீல் போயிற்று. பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். இல்லை என்று வந்தால் குளிர்கால விடுமுறைக்கு முன் மறுபடி விண்ணப்பிப்பது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். அதுவரை அவனைப் புதுசாக எதிலும் சேர்ப்பதில்லை என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பையனுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து ஸ்கேன் செய்தது மட்டும் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு தமிழ் டீச்சர் ஆய்த எழுத்துக்குத் தனிநிலை என்றே பெயர் என்று சொல்லியிருக்கிறார். அதை ஃ பக்கத்தில் எழுதணும், என் பேப்பரைக் கொடுங்க என்று கேட்டுக்கொண்டிருக்கிறானாம்.